ஒரு மாத்திரை பத்தலைன்னா இன்னொண்ணு

மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் உள்ள வீட்டில், ஊர் மாற்றல் வந்தால் பாத்திரம் பண்டத்தோடு தடிமனான ஃபைல் ஒன்றும் லாரி ஏறும். நாக்பூர் டாக்டர் எழுதியது, அகமதாபாத் டாக்டர் சேர்த்தது, இப்போது புனேயில் இன்னொன்று. சேர்க்க ஆள் உண்டு, எடுக்க ஆளில்லை. இந்தச் சேர்க்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். (நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிறவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.)

கதை ஆரம்பிப்பது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், வாண்டர் என்ற கம்பெனியில். பெயர் தெரியாவிட்டாலும் சரக்கு நமக்குத் தெரியும், ஓவல்டின் அவர்களுடையதுதான் :-) 1950களின் கடைசியில் அங்கே உருவானது க்ளோசபின். கைகால் விறைத்து நடுங்கினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. இது விறைக்க வைக்கவில்லை. அதனாலேயே இதெல்லாம் ஒரு மருந்தா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

1975ல் ஃபின்லாந்தில் விற்பனைக்கு வந்தது. சில மாதங்களிலேயே 8 பேர் இறந்தார்கள். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து, சாதாரணத் தொற்றைக்கூட உடம்பு தாங்கவில்லை. பல நாடுகளில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

முடியவிடாமல் செய்தது, அமெரிக்காவில் ஜான் கேனும் குழுவினரும் 1988ல் வெளியிட்ட ஆய்வு. எந்த மருந்துக்கும் அசையாத 268 பேரை எடுத்துக்கொண்டார்கள். 6 வாரத்தில், பழைய குளோர்ப்ரோமசின் சாப்பிட்டவர்களில் 100க்கு 4 பேர் தேறினார்கள், க்ளோசபினில் 30 பேர். ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு 1989ல் அங்கே அனுமதி கிடைத்தது.

சரி, அதிலும் தேறாதவர்களை என்ன செய்வது? துணை மருந்து தேடும் படலம் இங்கேதான் சூடு பிடித்தது. 1997ல் இஸ்ரேலில் 28 பேரிடம் க்ளோசபினோடு சல்பிரைடு சேர்த்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்றார்கள். ஆளாளுக்குச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 2006ல் வில்லியம் ஹோனர் குழு 68 பேரிடம் ரிஸ்பெரிடோனைச் சேர்த்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 8 வாரம் கழித்து வித்தியாசம் எதுவும் இல்லை! ஆனாலும் சேர்ப்பது நிற்கவில்லை. எதிரில் குடும்பம் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும்போது, 'சேர்க்க ஒன்றுமில்லை' என்று சொல்ல எந்த டாக்டருக்குத்தான் மனம் வரும்?

பிறகு 2019ல், அதே ஃபின்லாந்திலிருந்து 62,250 பேரின் பல வருடப் பதிவேடுகளை அலசி ஒரு கட்டுரை வந்தது. க்ளோசபினோடு அரிபிப்ரசோல் எடுத்தவர்கள், க்ளோசபின் மட்டும் எடுத்தவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். பதிவேட்டு ஆய்வுதான், முடிவான தீர்ப்பு இல்லை. இருந்தாலும் துணை மருந்து என்றாலே வீண் என்று ஒதுக்கிவிட முடியாது.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. சிகரெட் புகை, க்ளோசபினைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தூண்டிவிடும். ஆஸ்பத்திரியில் புகைக்காமல் இருந்தபோது போதுமாக இருந்த அதே அளவு, வீட்டுக்கு வந்து பழையபடி ஊத ஆரம்பித்ததும் போதாமல் போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் 'மருந்து கேட்கவில்லை' என்றுதான் தெரியும், இன்னொரு மாத்திரை சேரும். ஆகவே துணை மருந்துக்கு முன்னால் ரத்தத்தில் க்ளோசபின் அளவு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். புகைப்பதை நிறுத்துவதாக இருந்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவு எகிறிவிடும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

அடுத்த மாற்றலுக்கு முன், ஃபைலின் மேலே ஒரே ஒரு தாள்: எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், எதற்காகச் சேர்த்தது. புது ஊர் டாக்டருக்கு 10 நிமிடம்தான் இருக்கும், முழு ஃபைலையும் அவர் புரட்டப் போவதில்லை.