மனோரமா (1937–2015)

தமிழ் நாடக, திரைப்பட, தொலைக்காட்சி நடிகை, பாடகி. இயற்பெயர் கோபிசாந்தா. அன்றைய தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியில் 1937 மே 26 அன்று பிறந்தார். 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். இவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் தொடங்குகின்றன. ஆயிரம் படங்களைக் கடந்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மொத்தப் படங்கள் 1,300 என்போரும் 1,500க்கு மேல் என்போரும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் அது அவருடைய உழைப்பைச் சொல்லுமே தவிர, இடத்தைச் சொல்லாது. நகைச்சுவை நடிகை என்றால் நகைச்சுவை நடிகரின் ஜோடி என்றிருந்த தமிழ்த் திரை வழக்கத்தை அவர் மாற்றினார். பக்கத்தில் எந்த ஆண் நிற்கிறார் என்று பார்க்காமலே ஒரு காட்சியை அவரை நம்பி எழுதலாம் என்ற நிலையை உண்டாக்கினார். அவருடைய இடத்தை அதைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும்.

தந்தை இரண்டாம் திருமணம் செய்துகொண்டதால், தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு காரைக்குடியை அடுத்த செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்று பெயர் வைத்தவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜனும் என்று அவரே கூறியிருக்கிறார். பின்னர் எஸ். எஸ். ராஜேந்திரனின் குழுவில் சேர்ந்து, மு. கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் பெயர் பெற்றார். 'ஆச்சி' என்ற அழைப்பும் செட்டிநாட்டுச் சீதனம்தான். வானொலி நாடகம் ஒன்றில் அந்த வட்டாரப் பேச்சைப் பேசியபோது அப்படி அழைக்கத் தொடங்கினார்கள் என்பது அவர் சொன்ன விளக்கம். முகமே தெரியாத வானொலியில் பேச்சு ஒன்றாலேயே ஒரு பெயரைச் சம்பாதித்தார் என்பது அவருடைய கலையைப் புரிந்துகொள்ள நல்ல திறவுகோல்.

முதல் தமிழ்ப் படம் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958). அதற்கு முன்பே ஒரு சிங்களப் படத்தில் சிறு வேடம் ஏற்றதாகவும், கதாநாயகியாக ஒப்பந்தமான படங்கள் முடியாமல் நின்றுபோனதாகவும் குறிப்புகள் உண்டு. நாயகியாக நடிப்பவர்களுக்குச் சில ஆண்டுகள்தான், நகைச்சுவையில் நெடுநாள் நிலைக்கலாம் என்று கண்ணதாசன் தம்மை இணங்கவைத்ததாக மனோரமா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் (1963) நாயகியாகவும் நடித்தார். ஆனால் அந்த வழியில் தொடரவில்லை. அவருக்கு முன் நகைச்சுவைத் துறையில் திறமைக்குப் பஞ்சமில்லை. காளி என். ரத்தினத்தோடு சி. டி. ராஜகாந்தம், என். எஸ். கிருஷ்ணனோடு டி. ஏ. மதுரம், தங்கவேலுவோடு எம். சரோஜா என்று பெயர்கள் இரட்டையாகவே நினைவுக்கு வருகின்றன. அங்கமுத்து போன்ற விதிவிலக்குகள் இருந்தாலும், பொது வழக்கம் அதுதான். மனோரமாவும் நாகேஷின் ஜோடியாகத்தானே வளர்ந்தார் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாகேஷோடு நின்றுவிடாமல் சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே வந்தபோதும் அவர் மாறாமல் நிலைத்தார். முந்தைய ஜோடிகளில் ஒருவரை நீக்கிவிட்டு மற்றவரை நினைப்பது கடினம். மனோரமாவை அப்படித் தனியே நினைக்க முடிகிறது.

அது எப்படி நடந்தது என்பதற்கு 1968ஆம் ஆண்டு ஒன்றே போதிய சான்று. 'எதிர்நீச்சல்', 'கலாட்டா கல்யாணம்', 'பொம்மலாட்டம்', 'தில்லானா மோகனாம்பாள்' எல்லாம் அந்த ஓராண்டில் வந்தவை. 'பொம்மலாட்ட'த்தில் வி. குமார் இசையில் மெட்ராஸ் பாஷையில் அவரே பாடிய பாட்டு, சென்னைத் தெருப்பேச்சை அதன் மூக்கொலியும் இழுப்பும் கெடாமல் தாளத்தில் உட்காரவைத்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கியபோது, நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி வேடம் மனோரமாவுக்குக் கிடைத்தது. நாதசுர வித்துவான் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு வியக்கும் ரமாமணி, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்கிறாள். கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. இசை தெரியாதவள் கேட்கிற கேள்வி. ஆனால் மனோரமா அந்தக் கேள்வியை அசட்டுத்தனமாகக் கேட்கவில்லை. கண்ணை அகட்டி, நாயனத்தையும் வாசித்தவரையும் மாறிமாறிப் பார்த்து, நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போலக் கேட்கிறார். கருவியில் இருக்கிறதா, கலைஞனிடம் இருக்கிறதா என்று ரசிகர் எவரும் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் அவள் தனக்குத் தெரிந்த சொல்லில் கேட்டிருக்கிறாள். அதைவிடப் பெரிய பாராட்டை அந்த வித்துவானுக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை. எதிரே இருப்பவர் சிவாஜி கணேசன். நாதசுரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். இத்தனைக்கும் நடுவில் காட்சியின் சுவை மனோரமாவின் குரலில்தான் தங்கியிருக்கிறது. நாடகத்தில் வளர்ந்த ஒருவர் நாடகக்காரி வேடம் ஏற்றதால் எளிதாக அமைந்தது என்று சொல்வது பாதி உண்மை. மேடைப் பழக்கம் குரலை உரக்கப் பேச வைக்கும். அதை எங்கே அடக்க வேண்டும் என்பதை அவராகவேதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. வாயாடி, படிக்காதவள், ஆசைப்பட்டு ஏமாறுகிறவள் என்று உழைக்கும் பெண்களையே கேலிப்பொருளாக்கிய வேடங்கள் அவருக்கு நிறைய வந்தன. கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவைப் பகுதிகளும் ஏராளம். இதை மறுப்பதற்கில்லை. அந்தப் படங்களின் சிரிப்பு இன்று சில இடங்களில் கசக்கவும் செய்கிறது. எனினும், எழுத்து இடம் கொடுத்தபோதெல்லாம் அவர் சிரிப்பின் திசையைத் திருப்பியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மா, வீட்டுப் பெரியவரையே வாயடைத்துவிட்டுச் சம்பந்தியோடு மல்லுக்கு நிற்கிறாள். அங்கே நாம் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவளோடு சேர்ந்து சிரிக்கிறோம். அந்தக் காட்சியில் அவருக்கு ஜோடி கிடையாது. இந்த நிலைக்கு வந்துவிட்டவர் அம்மா, பாட்டி வேடங்களுக்குப் போனதை நகைச்சுவையிலிருந்து குணச்சித்திரத்துக்கு ஏறிய படியாகச் சொல்வது வழக்கம். அது பொருந்தாது. பார்த்திபனின் 'புதிய பாதை' (1989) அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைத் தந்தது. அதில் உள்ளத்தைத் தொடுவதும், ரமாமணியிடம் இருந்த அதே பேச்சு நயம்தான். தொண்ணூறுகளின் அம்மா வேடங்களில் பல ஒரே அழுகையைத் திரும்பச் செய்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாடகக் கலைஞர் எஸ். எம். ராமநாதனுடனான மணவாழ்க்கை நீடிக்கவில்லை, மகன் ஒருவர். தெலுங்கு, இந்தி உள்ளிட்ட பிறமொழிகளிலும் நடித்தார். மெஹ்மூதின் 'குன்வாரா பாப்' (1974) குறிப்பிடத்தக்கது. 1996 தேர்தலில் அ.தி.மு.க. மேடைகளில் ரஜினிகாந்தைக் கடுமையாக விமர்சித்தார். மறு ஆண்டே ரஜினியின் 'அருணாச்சலம்' படத்தில் நடித்தார். 2002இல் பத்மஸ்ரீ பெற்றார். பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் தோன்றினார். 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) படத்தில் வடிவேலுவுக்குத் தாயாகவும், 'சிங்கம்' (2010) படத்தில் பாட்டியாகவும் வந்தார். இவற்றுள் பலவற்றுக்கு முன்னதாக, 1994இல் 'மே மாதம்' படத்துக்காக ஏ. ஆர். ரகுமான் இசையில் சென்னையைச் சுற்றிக்காட்டும் பாட்டில் பிற பாடகர்களோடு அவரும் பாடினார். அப்போது வயது ஐம்பத்தேழு; 'பொம்மலாட்ட'த்துக்குப் பிறகு இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மெட்ராஸ் பாஷைக்கு ஒரு குரல் வேண்டும் என்றபோது அப்போதும் அவரைத்தான் தேடிப்போனார்கள்.