கங்காணியும் கண்காணிப்பும்



'கங்காணி' என்றதும் மலையகத்தவர் நெஞ்சில் எழுவது பிரம்பும் பிரட்டுக்களமும் தீராத கடனும்தான். அச்சொல்லின் மூலமோ 'கண்காணி'. தேர்தல் வேளையில் பிறநாட்டிலிருந்து வருவோரையும் கண்காணிப்பாளர் என்றே அழைக்கிறோம். வேர் ஒன்று, வரலாறு வேறு.

மன்னாரில் கரையேறி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, எங்கள் மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் எம் முன்னோர். வழியில் நோய்க்கும் பசிக்கும் பலியானோர் பலர். எஞ்சியோர் கோப்பியை வளர்த்தார்கள். அது அழிந்தபின் தேயிலையையும் றப்பரையும் வளர்த்தார்கள்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தில் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றாயிற்று. 1947 இடாப்பில் இருந்த என் பாட்டனாரின் பெயர் 1952இல் இல்லை. அவர் எங்கும் போய்விடவில்லை. அதே லயத்தில்தான் இருந்தார்.

1948இலேயே கொரியத் தேர்தலை ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு அவதானித்தது. அப்படியொரு குழு 1952 மே மாதத்தில் மாத்தளைக்கு வந்திருந்தால் என்ன கண்டிருக்கும்? பெட்டிகளையும் முத்திரைகளையும் வரிசைகளையும் கண்டிருக்கும். வரிசையில் நிற்காதவர்களைக் கண்டிருக்குமா? எங்கள் வாக்கைப் பறித்தது குண்டாந்தடி அல்ல, சட்டப் புத்தகம். தேர்தல் நாளை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அது புலப்படாது.

இங்கே பெப்ரல் அமைப்பு 1987இல் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியக் குழுக்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து பல தேர்தல்களுக்கு வந்துள்ளன. 2013 செப்டெம்பர் 21இல் வட மாகாண சபைத் தேர்தலை அவதானிக்க, கென்யாவின் முன்னாள் உபஜனாதிபதி கலோன்ஸோ முஸ்யோக்கா தலைமையில் பொதுநலவாயக் குழு வந்தது. அதே நாளில் மாத்தளை அடங்கிய மத்திய மாகாணமும் வாக்களித்தது. 1988, 2003 சட்டங்களால் பிரஜைகளான தோட்டத்து மக்களும் அந்த வரிசைகளில் நின்றார்கள். உலகின் பார்வையோ வடக்கே இருந்தது.

வாக்களிப்புக்கு முன்னும் பின்னும் நிகழ்வனவற்றையும் நோக்க வேண்டும் என்று 2005இல் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் வெளியிடப்பட்ட கண்காணிப்புக் கோட்பாட்டுப் பிரகடனம் சொல்கிறது. எங்கள் மலைகள் அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே பட்டறிந்தன. ஆகவே வருகின்ற விருந்தினரிடம் நான் வேண்டுவது ஒன்றே: வாக்குப் பெட்டியைப் பார்க்குமுன் வாக்காளர் இடாப்பைத் திறந்து பாருங்கள். இருக்கும் பெயர்களை எண்ணுங்கள். இல்லாத பெயர்களைத் தேடுங்கள்.