எரிவாயு உருளைப் பாதுகாப்பு விதிகளும் தென்சென்னைப் புறநகரும்

எரிவாயு உருளைப் பாதுகாப்பு விதிகள் என்பவை, புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையான நீர்மப் பெட்ரோலிய வாயுவை (எல்பிஜி) உருளைகளில் அடைத்தல், சேமித்தல், ஏற்றிச்செல்லல் ஆகியவற்றை இந்தியாவில் ஒழுங்குபடுத்தும் விதிகள் ஆகும். தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையிலான புறநகரில் உணவகங்கள், பட்டறைகள், தொழிற்சாலைகள் ஆகியவை இவ்வாயுவைப் பயன்படுத்துகின்றன.

வாயுவின் இயல்பு

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையோடு பரவி, பள்ளங்களிலும் வடிகால்களிலும் தங்கும். இதனால் கிடங்குகளில் தரைமட்டத்திலேயே காற்றோட்ட வழி அமைக்கப்படுகிறது. வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை உணர்வதற்காக எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. நீர்மம் வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு விரிவதால், சிறு கசிவும் பெரிய ஆபத்தாக மாறக்கூடும்.

விதிகளின் வரலாறு

இவ்விதிகளின் வேர் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் ஆகும். உலோகக் கொள்கலனில் அழுத்தி அடைக்கப்பட்ட வாயு, 1938-இல் இச்சட்டத்தின் கீழ் வெடிபொருளாக அறிவிக்கப்பட்டது. அதன் அடிப்படையில் 1940-இல் வாயு உருளை விதிகள் வந்தன. இவை 1981, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் புதிதாக இயற்றப்பட்டன. பெரிய நிலைத்தொட்டிகளுக்கும் டேங்கர் லாரிகளுக்கும் 1981-இல் தனி விதிகள் உருவாயின. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ) இவற்றைச் செயல்படுத்துகிறது.

1984 போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான செயல்முறைகளுக்கான தனி இயல் சேர்க்கப்பட்டது.

புறநகரில் நடைமுறை

1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி செயலாக்க மண்டலம் (மெப்ஸ்) தொடங்கப்பட்டது. இத்தகைய தொழிற்கூடங்கள் 2025 வரை தொழிற்சாலைகள் சட்டத்தின் வரம்புக்குள் இருந்தன. ஆனால் அச்சட்டத்தின் வரையறையே உணவகங்களை 'தொழிற்சாலை' என்பதிலிருந்து விலக்கியது. ஜி.எஸ்.டி. சாலையோர உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவர், பத்துப் பேர் பணிபுரியும் பட்டறைத் தொழிலாளியைப் போலவே தீயருகில் நின்றாலும், அவரது பணியிடம் வேறு சட்டத்தின் கீழ் அமைந்தது.

வாயு உருளை விதிகளின்படி 100 கிலோ வரையிலான எல்பிஜியை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. வணிக உருளை ஒன்றில் 19 கிலோ வாயு இருக்கும். ஐந்து நிறை உருளைகள் 95 கிலோ. ஆறாவது உருளை வந்தால் 114 கிலோவாகி உரிம வரம்பைத் தாண்டிவிடும். 14.2 கிலோ வீட்டு உருளையைக் கடைகளில் பயன்படுத்துவதை 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி வழங்கல் ஆணை தடைசெய்கிறது.

உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் வாயுவுக்குப் பதிலாக நீர்மமே வெளிவரக்கூடும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். இது அடுத்த சோதனைக்குரிய காலாண்டைக் குறிக்கும்; 'ஏ' என்பது சனவரி முதல் மார்ச் வரை.

விபத்துகள்

2022 செப்டம்பர் 28 அன்று, ஒரகடத்தை அடுத்த தேவரியம்பாக்கத்தில் இருந்த எரிவாயு உருளைக் கிடங்கில் தீப்பிடித்தது. பலர் தீக்காயமடைந்தனர், அவர்களுள் சிலர் பின்னர் உயிரிழந்தனர். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா இரயில் பெட்டியில் ஏற்பட்ட தீயில் ஒன்பது பேர் இறந்தனர். விதிகளை மீறி எடுத்துவரப்பட்ட எரிவாயு உருளையே அதற்குக் காரணம் எனத் தெற்கு இரயில்வே தெரிவித்தது.