ஊத்தா, தூண்டில், குத்தகை

ஸ்ரீரங்கத்துல உட்கார்ந்துகிட்டு மீன் பிடிக்கிறதைப் பத்தி எழுதறியான்னு கேட்கப் போறவங்களுக்கு முதல்லயே ஒரு வார்த்தை. இந்த ஊரே ஆத்துக்கு நடுவுல இருக்கிற தீவு. மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது, கிழக்கே கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. மீனைத் தட்டில் வைக்காத தெருக்கள் இங்கே உண்டு. மீன் இல்லாத திசை கிடையாது :-)

விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 'கோர்ஸ் ஃபிஷிங் மேட்ச்' என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. சால்மன், ட்ரவுட் எல்லாம் அங்கே கௌரவ மீன்கள். கெண்டை வகையறா உள்பட மற்ற நன்னீர் மீன்கள் எல்லாம் 'கோர்ஸ்', அதாவது மட்டரகம். (பாண்டியன் கொடியில் ஏறின கயல், வெள்ளைக்காரன் கணக்கில் மட்டரகம். என்னத்தைச் சொல்ல!) மேட்ச் எப்படீன்னா, குளக்கரையில் யாருக்கு எந்த இடம்னு சீட்டு எடுப்பாங்க. விசில் ஊதினதும் எல்லாரும் தூண்டில் போடணும். பிடித்த மீனைத் தண்ணிக்குள் தொங்கும் வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் எடை போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணியிலேயே விட்டுவிடுவார்கள். எடை அதிகம் யாருக்கோ அவருக்குப் பரிசு.

இதற்கென்றே தனியார் குளம் வெட்டி, கெண்டையை வாங்கி விட்டு, நாளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் போடுவதுதான் 'கமர்ஷியல் லேக்'. குளிர்காலத்திலும் மேட்ச் நடக்கும். தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் குளிர்ந்துவிடும், செரிமானம் மந்தமாகும், கூட்டமாக ஓரிடத்தில் ஒதுங்கி இரையைக் கண்டுகொள்ளாது. நாலு மணி நேரம் விறைத்துப் போய் உட்கார்ந்து ரெண்டு மீன் எடுத்தால் பெரிய விஷயம். 1878-ல் கொண்டுவந்த சட்டப்படி மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, மீன் முட்டையிடும் காலத்தில், யாரும் தூண்டில் போடக்கூடாது. 1995-ல் பெரும்பாலான குளம் குட்டைகளுக்கு அந்தத் தடையை எடுத்துட்டாங்க. டிக்கெட் போடுறவருக்கு வருஷம் பூரா வியாபாரம்.

நம்ம திருச்சிப் பக்கம் இப்படி ஒரு மேட்ச் உண்டா? உண்டு. பேர்தான் வேற... மீன்பிடித் திருவிழா. மணப்பாறை, துவரங்குறிச்சி, அப்படியே புதுக்கோட்டை, சிவகங்கைன்னு போனா பல ஊர்களில் இது நடக்கிறது. குளிர்காலத்தில் இல்லை, நேர் எதிராக வெயில் காலத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய குளத்தில் மார்கழி, தை மாசம் மீன் எங்கே இருக்குன்னே தெரியாது. தண்ணி வயலுக்குப் போய், மாசிக்கு மேல் முழங்கால் அளவுக்கு வற்றினதும் மீன் எல்லாம் நெருங்கி நிற்கும். ஊர் கூடி நாள் குறிப்பார்கள். பக்கத்து ஊர்களுக்கும் தகவல் போகும். விடியற்காலையில் கரை முழுக்க ஜனம். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அதுதான் விசில்!

கையில் இருப்பது தூண்டில் அல்ல, ஊத்தா. மூங்கில் சிம்பில் பின்னின கூடை, அடியிலும் திறப்பு, மேலேயும் திறப்பு. தண்ணியில் குத்தணும், உள்ளே ஏதாவது துள்ளினால் மேல்வழியாகக் கையை விட்டு எடுக்கணும். கச்சா வலை, சேலை, வேட்டி, வெறும் கை, எதுவும் சரி. விரால், கெண்டை, கெளுத்தி, குறவைன்னு அகப்பட்டது அகப்பட்டவருக்கு. தராசு கிடையாது, பரிசு கிடையாது. விற்கவும் மாட்டார்கள், அன்றைக்கு ஊர் பூரா மீன் குழம்பு வாசனை. பிடித்தால் மழை பெய்யும், விவசாயம் செழிக்கும்னு நம்பிக்கை.

இதில் நான் முக்கியமா நினைக்கிறது அந்த ஒருநாள் கூத்தை இல்லை. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கில் யாரும் குளத்தில் கை வைக்காமல் இருக்கிறாங்களே, அதை. லண்டனில் பார்லிமெண்ட் சட்டம் போட்டுச் செய்ததை இங்கே ஊர்க் கட்டுப்பாடு செய்திருக்கிறது.

வெள்ளைக்கார அதிகாரிகள் நம்ம குளங்களைப் பார்க்காமல் இல்லை. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ்காரர் 1873-ல் இந்தியத் தூண்டில் கலை பற்றி ஒரு புத்தகம் போட்டார். காட்டாற்று மகசீர் பற்றிய பேச்சு அதில் பிரசித்தம். 1887-ல் குளத்து மீனுக்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' எழுதினார். மலையும் ட்ரவுட்டும் இல்லாத சமவெளியில் மாட்டிக்கொண்ட அதிகாரிக்கு மாலைப் பொழுது போகணுமே! அதே காலத்தில் மதராஸ் ராணுவ டாக்டர் பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களை வரிசைப்படுத்தி அச்சிட்டார். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது.

அப்புறம் வந்தவர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவு வங்கி யோசனையை இங்கே விதைத்த அதே ஆள்தான். 1907-ல் மதராஸில் மீன்துறை அவர் கையில் ஆரம்பித்தது. அவருக்கு மீன் விளையாட்டு இல்லை, சாப்பாடு. கோதாவரியிலிருந்து கட்லாவைக் கொண்டுவந்து காவிரியில் விட்டதும் இந்தத் துறை வந்த பிறகுதான். இன்னிக்கு உறையூர் மீன் கடையில் 'ஆத்து மீன்'னு கேட்டா எடுத்துக் காட்டுற கட்லா, வந்தேறி :-) 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி கெண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இல்லாத குட்டை கிடையாது.

ஆனால் குளத்துக் கதையை உண்மையில் மாத்தினது 1957. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடுற வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கின குளத்தில் இடாது. அந்த வருஷம் ஜூலை 10-ம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறை ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அதற்குப் பிறகு மீன்குஞ்சு காசுக்குக் கிடைக்கிற சரக்காகிவிட்டது. ஆத்துல வலை போட்டுத் தேட வேண்டியதில்லை.

இதை மீன்பாசி ஏலத்தோடு சேர்த்துப் பாருங்க. குளத்தின் மீன் உரிமையைக் குத்தகைக்கு விடுவதற்கு நம்ம பக்கம் இந்தப் பேர். ஊராட்சிக் குளம்னா ஊராட்சி, பெரிய ஏரின்னா அரசுத் துறை. சேற்றில் புதைந்து கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வரும் விரால், வாய்க்காலில் ஏறி வந்த கெண்டை, இதெல்லாம் யாரும் காசு போட்டு விட்டதில்லை. ஊரே இறங்கினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. குத்தகைக்காரர் பணம் கட்டி, குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டிருந்தால் வெள்ளைத் துண்டை யார் வீசுவது? அவரையும் திட்ட முடியாது, அவர் போட்ட முதல் அது. ஏலப் பணம் ஊருக்கும் ஆகுது. ஆனா திருவிழா அந்தக் குளத்தில் நின்னுரும். வீட்டில் ஊத்தா பரண்மேல் போயிடும்.

நடுவில் ஒரு வழியும் கண்டுபிடிச்சிருக்காங்க. சில ஊர்களில் ஊத்தா ஒண்ணுக்கு இவ்வளவுன்னு கட்டணம் வாங்கிக்கொண்டு இறங்க விடுகிறார்கள், அந்தப் பணம் கோயிலுக்கோ ஊர்ப் பொதுக்கோ போகும். காசு கட்டினவன் வெறுங்கையோட திரும்பினா சண்டை வேற. இங்கிலாந்துக்காரரின் டிக்கெட் குளத்துக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் இல்லை.

எந்த ஊரில் எந்த வருஷம் திருவிழா நின்றது, ஏலம் எப்போ ஆரம்பித்தது என்ற கணக்கு புத்தகத்தில் இல்லை, எழுபது வயசுக்காரங்க ஞாபகத்தில் இருக்கு. மணப்பாறைப் பக்கம் சொந்த ஊர் இருக்கிற நண்பர்கள் இந்தப் பங்குனி, சித்திரையில் போனால் தாத்தாகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. கடைசியா எப்போ துண்டு வீசினாங்க? வீட்டில் ஊத்தா இருக்கா? இருந்தா ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்க.