துப்பாக்கிக் குழலின் நீளமும் குண்டின் வேகமும்

துப்பாக்கியின் குழல் நீண்டிருந்தால் குண்டு வேகமாகப் பாயும் என்பது பொதுவான கருத்து. இது உண்மையே, ஆனால் ஓர் எல்லை வரைதான். அந்த எல்லையைக் கண்டறிந்த பிறகே படைகள் துணிந்து துப்பாக்கிகளைக் குட்டையாக்கின.

காரணம்

வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வாயு, குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. குண்டு முன்னேற முன்னேற வாயு பரவும் இடம் பெருகி, அழுத்தம் குறைகிறது. ஆகவே குழலின் முற்பகுதியில் கிடைக்கும் அளவு வேகம் பிற்பகுதியில் கூடுவதில்லை. சிறிய அளவு மருந்துள்ள தோட்டாக்களில், குழல் மிக நீண்டுவிட்டால் உராய்வினால் வேகம் குறையவும் கூடும்.

அளவீட்டின் தொடக்கம்

ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், கனமான ஊசலின் மீது குண்டைச் சுட்டு, ஊசல் அசைந்த அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். 1742 இல் வெளிவந்த அவரது நூல், குழலின் நீளத்தையும் மருந்தின் அளவையும் கொண்டு வேகத்தைக் கணிக்கும் முறையைத் தந்தது. பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க இந்தியா வந்த அவர், 1751 இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

அவரது பணியை ஊல்விச் இராணுவக் கழகப் பேராசிரியர் சார்லஸ் அட்டன் தொடர்ந்தார். வெவ்வேறு நீளமுள்ள பீரங்கிகளைச் சுட்டு, வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைவிடக் குறைவான விகிதத்திலும் கனமூலத்தைவிட அதிகமான விகிதத்திலும் கூடுகிறது என்று கண்டார். அதாவது, நீளத்தை இரு மடங்காக்கினாலும் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூடும்.

குட்டையான துப்பாக்கிகள்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியக் காலாட்படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக் குழல் 30.2 அங்குல நீளம் கொண்டிருந்தது. குதிரைப்படைக்குத் தனியே குட்டைத் துப்பாக்கி இருந்தது. இரு படைகளுக்கும் பொதுவாக, 25.2 அங்குலக் குழலுடன் ஒரே துப்பாக்கி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமானது. குறி தவறும் என்று பலர் எதிர்த்தனர். எனினும் முதல் உலகப் போரில் அதுவே பிரித்தானியப் படையின் முதன்மைத் துப்பாக்கியாக விளங்கியது. 1910 இல் வந்த எடை குறைந்த கூர்முனைக் குண்டு, குட்டைக் குழலால் இழந்த வேகத்தைவிட அதிகமாகவே ஈட்டித் தந்தது.

அமெரிக்காவின் எம்16 துப்பாக்கிக் குழல் 508 மி.மீ.; அதிலிருந்து உருவான எம்4 இன் குழல் 368 மி.மீ. நீளத்தில் கால் பங்குக்கு மேல் குறைந்தும், வேகம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆனால் குட்டைக் குழலில் தீப்பொறியும் ஓசையும் மிகும். வேகம் குறைவதால் தொலைவிலுள்ள இலக்கில் குண்டின் தாக்கமும் குறையும். வாகனத்திலும் குறுகிய தெருவிலும் எளிதாகக் கையாளும் வசதிக்குப் படைவீரர் கொடுக்கும் விலை இதுவே.