குடமும் கடையாணியும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனைப் புகழ்ந்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தச் சக்கரம் அச்சோடு உரசுகிற இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டவனை மட்டும் யாரும் நினைப்பதில்லை. எனக்கும் அந்த நினைப்பு 1970 வரையில் வந்ததில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டுக் காரின் முன் சக்கரம் ஒன்று, மாவு அரைக்கும் எந்திரம் போல உறுமத் தொடங்கியது.

வேறு சமயமாயிருந்தால் உறுமட்டும் என்று விட்டிருப்போம். ஆனால் அப்போதுதான் திருவாரூரில் ஆழித் தேர் ஓடப்போகிறது என்ற செய்தி வந்திருந்தது. 1948-க்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக நிலையை விட்டு நகராத தேர். கடைசியாக ஓடியபோது பாட்டி வடத்தைத் தொட்டுக் கும்பிட்டவள். "இந்தத் தடவை பார்க்காவிட்டால் அப்புறம் நான் எங்கே, தேர் எங்கே?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறி இறங்கும் நிலையில் அவள் இல்லை. கார்தான் கதி. தேருக்கு இன்னும் நாலு நாள்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னையை அடுத்த வண்டலூரில் செய்த கார் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. முந்தின ஐப்பசியில் வாய்க்கால் உடைந்து ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடியபோது அதற்குள் விட்டு ஓட்டினோம். தண்ணீர் சக்கரத்துக்குள் புகுந்து மசகைக் கரைத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

கும்பகோணத்துப் பட்டறை ஒன்றில் கேட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பேரிங்கும் இல்லை, அதைக் கழற்றும் கருவியும் வெளியே போயிருக்கிறதாம். நான் அன்றிரவே ரயில் ஏறிப் பட்டணம் போய், ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு ஜோடி பேரிங்கை வாங்கிக்கொண்டு மறுநாள் ராத்திரி ரயிலில் திரும்பினேன். வாங்கி வந்தாயிற்று. மாட்டுகிறவர் யார்?

"ஆசாரியைக் கூப்பிடு" என்றார் அப்பா. அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்க் கொல்லாசாரிக்கும் எங்கள் வீட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு. கலப்பைக் கொழு, அரிவாள், வண்டிப் பட்டை எல்லாம் அவர் வேலை. அதற்குக் கூலி கிடையாது. அறுவடையில் களத்து மேட்டிலேயே நெல் அளந்துவிடுவார்கள். அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர். (தேசம் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதற்கு எவ்வளவோ முன்பே கொல்லரும் தச்சரும் அதைக் களத்தில் வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.) கார் வந்ததும் அப்பா இரட்டை மாட்டு வண்டியை விற்றார். வண்டி போனதும் பட்டை கட்டுகிற வேலை போயிற்று. வேலை போனதும் நெல்லும் நின்றது. யாரும் சண்டை போடவில்லை. ஆசாரி எங்கள் வாசலில் ஏறுவது மட்டும் நின்றுவிட்டது.

ஆனாலும் வந்தார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். அப்புறம், "குடத்தைக் கழட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

சக்கரத்தின் நடுப்பகுதிக்குத் தமிழில் குடம் என்றுதான் பெயர். குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்புகின்றன. ஆரக்கால்களை வட்டை பிடித்திருக்கிறது. வட்டையை இரும்புப் பட்டை இறுக்கியிருக்கிறது. குடத்துக்குள் அச்சு. அச்சின் நுனியில், சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி. காரிலும் அதே வரிசைதான். டிரம்மைக் கழற்றி, கிண்ணம் போன்ற மூடியை எடுத்ததும், பல்வெட்டிய ஒரு நட்டும் அதைக் குறுக்கே பிடித்திருந்த ஓர் ஆணியும் தெரிந்தன. ஆசாரி அந்த ஆணியைப் பார்த்து, "இதோ கடையாணி" என்று பழைய சிநேகிதனை அடையாளம் கண்டவர் மாதிரி சொன்னார்.

இந்த உறுப்புகளெல்லாம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர்கள் மேடு பள்ளத்துக்குப் பயந்து வண்டியின் அடியில் கட்டி வைத்திருக்கும் சேம அச்சை ஒரு வள்ளலுக்கு உவமை சொல்கிறார். 'ஸ்டெப்னி'யை இலக்கியத்தில் ஏற்றிய முதல் புலவர் அவராகத்தான் இருக்க வேண்டும். உரசலைச் சமாளிக்க நம் வண்டிக்காரர்கள் செய்த ஏற்பாடு மசகு. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த கறுப்பு மை. கட்டையை முட்டுக் கொடுத்து, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை நாலு விரல் வெளியே இழுத்து, அச்சில் அப்புவார்கள். வீட்டிலேயே, எந்த விசேஷக் கருவியும் இல்லாமல் நடந்த காரியம் அது. பத்து வயசுப் பையன் செய்வான்.

வழுக்குவதற்குப் பதிலாக உருளச் செய்தால் என்ன என்ற யோசனை மேற்கே நன்றாக வேர்விட்டது. வேல்ஸ் நாட்டில் கார்மார்த்தன் என்ற ஊரைச் சேர்ந்த பிலிப் வான், வண்டி அச்சில் இரும்புக் குண்டுகளை வைக்கும் உபாயத்துக்கு 1794-ல் பேட்டண்ட் வாங்கினார். 1898-ல் அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் அதற்கு மேலே ஒரு படி போனார். அவரும் குதிரை வண்டி செய்தவர்தான். வண்டி நேரே போகும்போது பாரம் மேலிருந்து அழுத்துகிறது, திரும்பும்போது பக்கத்திலிருந்தும் தள்ளுகிறது. இரண்டையும் தாங்க, குண்டுக்குப் பதில் கூம்பு வடிவ உருளைகளைச் சாய்த்து அடுக்கினார். எங்கள் ஹெரால்டின் குடத்தில் இருந்தவை அவைதாம். நம் தேசத்தில் ஜெய்ப்பூரில் 1946-ல் ஒரு பேரிங் கம்பெனி ஏற்பட்டது.

ரயில் பெட்டிகளில் வெகு காலம் வெறும் உலோகப் புரையும் எண்ணெயில் ஊறிய பஞ்சும்தான். ஆசாரியின் தகப்பனார் நாகப்பட்டினம் ரயில் பட்டறையில் அந்தப் பஞ்சை மாற்றும் வேலை பார்த்தவர். 1928-ல் பட்டறை பொன்மலைக்கு மாறியபோது, "ஆற்றை விட்டு வரமாட்டேன்" என்று ஊருக்கே திரும்பிவிட்டார். அச்சுக் கொதித்தால் உள்ளங்கைக்குத் தெரியும் என்பதை மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இனி எங்கள் வாசலுக்கு வருகிறேன். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல். ஜாக்கியை நம்பாதே என்று சொல்லி, காரின் அடியில் பனங்கட்டைகளை அடுக்கச் சொன்னார் ஆசாரி. நட்டைத் திருகி இழுத்ததும் குடம் கையோடு வந்தது. உள்ளே இருந்த உருளைகள் அம்மை வார்த்த முகம் போலப் புள்ளி விழுந்து கிடந்தன. உருளைகள் ஓடும் வெளி வளையங்கள் இரண்டும் குடத்துக்குள் இறுகிப் பிடித்திருந்தன. இரும்பால் அடித்தால் குடம் காயப்படும். பித்தளைக் கம்பி வேண்டும். ஆசாரி கூடத்தை எட்டிப் பார்த்தார். பாட்டி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள்.

"சங்கிலியிலே ஒரு கண்ணி வேணுமே, அம்மா."

பாட்டி மறுபேச்சில்லாமல் இறங்கினாள். ஊஞ்சல் பலகை தரைக்கு வந்தது. அந்தப் பித்தளைக் கண்ணியை வளையத்தின் விளிம்பில் வைத்து, இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப் பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டினார். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொள்ளுமாம். கால் மணியில் இரண்டும் வெளியே வந்து விழுந்தன.

புது வளையங்களை ஏற்றுவதுதான் பெரிய காரியம். அவை குடத்தின் துளையைவிடத் தலைமயிர் அளவு பெரியவை. பட்டறைகளில் அதற்கென்று அழுத்தும் எந்திரம் உண்டு. ஆசாரி சிறிது யோசித்தார். பிறகு, மீன்காரரிடம் போய் ஐஸ் வாங்கி வரச் சொன்னார். அம்மாவிடம் ஒரு அண்டா வெந்நீர் கேட்டார்.

வண்டிப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அவர் யோசனை உடனே புரிந்திருக்கும். பட்டை மரச் சக்கரத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அதை வரட்டி நெருப்பில் சுட்டால் விரியும். விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். அதே வித்தைதான் இதுவும். குடம் கொதிக்கிற தண்ணீரில், வளையம் ஐஸில். அரை மணி கழித்துக் குடத்தைத் துணியால் பிடித்து எடுத்துத் துடைத்து, வளையத்தை வைத்து, அதன் மேல் பழைய வளையத்தைக் கவிழ்த்துச் சுத்தியால் நாலு தட்டு. அடி ஒலி 'டக் டக்' என்று வந்துகொண்டிருந்தது, சட்டென்று 'டங்' என்று மாறியது. "உக்காந்துட்டுது" என்றார்.

உருளைகளுக்குள் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும் வரை திணித்தோம். நட்டை முறுக்கும் விஷயத்தில்தான் நான் அவசரப்பட்டு, பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். ஆசாரி கையைத் தட்டிவிட்டார். "இறுக்கினா எரியும் தம்பி. சக்கரத்தைச் சுத்திக்கிட்டே முறுக்கு. பிடிக்கிற இடம் வந்ததும் கொஞ்சம் பின்னாலே விடு. மூச்சு விட இடம் வேணும்." புது ஆணியைப் போட்டு வளைத்தோம்.

திருவாரூருக்கு அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். குடவாசலில் நிறுத்தி இறங்கி, குடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு. "போகலாம்" என்றார்.

அலங்காரத்தோடு 96 அடி, 300 டன் என்று கணக்குச் சொல்கிறார்களே, அந்த மலை அசைவதை அன்று பார்த்தேன். பாட்டி திண்ணையொன்றில் உட்கார்ந்து, தேர் கண் மறையும் வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை. ஆசாரி சுவாமியைப் பார்த்தாரோ என்னவோ, முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு நடுவே புகுந்து அச்சைப் பார்த்துவிட்டு வந்தார். இன்று அந்தத் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. நூறு வருஷம் போலத் தேரோட்டமே இல்லாதிருந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் புதுத் தேர் செய்து 2015-ல் ஓட்டினார்கள்.

ஊர் திரும்பியதும் அப்பா பணத்தை நீட்டினார். ஆசாரி வாங்கவில்லை.

"காசு வேணாங்க ஐயா. களத்திலே அளக்கிறதை அளந்துடுங்க."

அப்பா ஒன்றும் பேசாமல் பணத்தை மடித்து உள்ளே வைத்தார். அந்த அறுவடையில் ஒரு கலம் நெல் அளந்தார். அடுத்த வருஷமும் அளந்தார். அதற்கடுத்த வருஷம் காரை விற்றுவிட்டோம். ஆசாரியின் மகன் அதற்குள் பொன்மலைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.