மனுதாரர்: மெட்ராஸ் பார் அசோசியேஷன்

விழா மலர் என்றால் தலைவர், செயலாளர் பட்டியலுக்கும் குழுப் படங்களுக்கும் குறைவிருக்காது. மெட்ராஸ் பார் அசோசியேஷனின் வரலாறு எழுத வருகிறவருக்கு இவற்றைவிட நல்ல ஆதாரம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. தீர்ப்பாயங்களைப் பற்றிய வழக்கை இன்று நாட்டின் எந்த மூலையில் நடத்தினாலும் இந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லாமல் வாதத்தை முடிக்க முடியாது. ஒரே பெயரில் அத்தனை வழக்குகள். பிற்காலத் தீர்ப்புகள் அவற்றுக்கு எண் போட்டுத்தான் குறிப்பிடுகின்றன.

கதை 2002இல் தொடங்குகிறது. கம்பெனிகள் சட்டத்தைத் திருத்தி, உயர் நீதிமன்றங்களும் கம்பெனிச் சட்ட வாரியமும் பார்த்துவந்த வேலையைப் புதிதாக ஒரு தேசிய தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்க மத்திய அரசு முனைந்தது. சங்கத் தலைவர் என்ற முறையில் ஆர்.காந்தி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். தீர்ப்பாயம் அமைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அமைத்த விதத்தில்தான் கோளாறு என்று 2004இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இரு தரப்புக்கும் திருப்தியில்லை. இருவரும் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2010 மே 11 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு வழங்கியது. எழுதியவர் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன்.

இளம் வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பைச் சுருக்கத்தில் பார்க்காமல் முழுவதுமாகப் படிக்க வேண்டும். அதிகாரப் பிரிவினை என்ற பெரிய கொள்கையைப் பேசிவிட்டு அது அங்கேயே நின்றுவிடவில்லை. பணி விதிகளின் பொடி எழுத்துக்குள் இறங்குகிறது. தொழில்நுட்ப உறுப்பினராக வர இணைச் செயலாளர் நிலை அதிகாரி போதாது. செயலாளர் அல்லது கூடுதல் செயலாளர் நிலையில் இருந்தவராக வேண்டும். தாய்த் துறையில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டு ஒருவர் இங்கே வந்து உட்காரக் கூடாது. மூன்றாண்டுப் பதவிக்காலம் மிகக் குறைவு, வேலை பிடிபடும்போது ஆள் வெளியேற வேண்டியிருக்கும். ஐந்து அல்லது ஏழு ஆண்டு வேண்டும். தேர்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்கும் இந்தியத் தலைமை நீதிபதிக்கோ அவர் அனுப்பும் நீதிபதிக்கோ முடிவு வாக்கு இருக்க வேண்டும். அலுவலகம், ஆள், பணம் எல்லாம் சட்ட அமைச்சகத்தின் வழியாக வர வேண்டும், சம்பந்தப்பட்ட துறையிடமிருந்து வரக் கூடாது. தீர்ப்பாய வழக்குகளில் எதிரே நிற்பது பெரும்பாலும் அரசுத் துறைதான். தன் முன் கட்சிக்காரராக நிற்பவரிடமே காருக்கும் அறைக்கும் கையேந்துகிறவர் எப்படி நடுநிலையாக இருப்பார்?

சங்கம் போட்ட இன்னொரு வழக்கில் 2014 செப்டம்பர் 25 அன்று தேசிய வரித் தீர்ப்பாயச் சட்டமே செல்லாமல் போனது. வரி மேல்முறையீடுகளில் எழும் முக்கியமான சட்டக் கேள்விகளை உயர் நீதிமன்றங்களின் கையிலிருந்து எடுத்துவிடும் சட்டம் அது. அந்தத் தீர்ப்பாயத்தில் ஆடிட்டர்களும் வாதாட அதன் 13ஆம் பிரிவு வழிவிட்டது. அதையும் சங்கம் எதிர்த்தது. வக்கீல்கள் தங்கள் பிழைப்பைக் காக்கவே கோர்ட்டுக்குப் போனார்கள் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 2010இன் பணி விதிகளுக்காகப் பல ஆண்டுகள் வழக்கு நடத்தியதில் எந்த வழக்கறிஞருக்கும் ஒரு வக்காலத்துகூடக் கூடுதலாக வரவில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால் அலுப்புத் தட்டும், அந்த அலுப்புத்தான் வரலாறு. 2010இல் நிராகரிக்கப்பட்ட தகுதிகளும் குழு அமைப்பும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் மறுபடி தலைகாட்டின. 2015 மே மாதம் அவை மறுபடி அடிபட்டன. தீர்ப்பாய உறுப்பினர் நியமனத்துக்கான 2020 விதிகள் பல தீர்ப்பாயங்களில் வழக்கறிஞர்களை உறுப்பினராகவே வரவிடவில்லை. பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களை அனுமதிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2021 ஏப்ரலில் வந்த அவசரச் சட்டம் குறைந்தபட்ச வயது ஐம்பது, பதவிக்காலம் நான்கு ஆண்டு என்றது. ஜூலையில் அந்த ஷரத்துகள் ரத்தாக, ஆகஸ்டிலேயே அவையே நாடாளுமன்றச் சட்டமாகத் திரும்பி வந்தன. 2025 நவம்பரில் அவையும் செல்லாதவை ஆயின. ஏற்கெனவே சொன்ன குறையைச் சரிசெய்யாமல் அதையே புதுச் சட்டமாகக் கொண்டுவர முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்த வழக்குகள் பலவற்றில் சங்கத்துக்காக நின்றவர் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தார். தனி மனுதாரர் யாராக இருந்தாலும் பாதி வழியில் களைத்திருப்பார். நிர்வாகிகள் மாறினாலும் கேஸ் கட்டைக் கைவிடாமல் வைத்திருப்பது சங்கத்தால்தான் முடியும்.

இந்தப் பொறுமைக்குப் பின்னால் படிப்பு இருக்கிறது. சென்னையில் வழக்கறிஞர்கள் கூடிப் படிக்கும் பழக்கம் பழையது. பாரிஸ்டர் வேறு, வக்கீல் வேறு என்றிருந்த 19ஆம் நூற்றாண்டில், மயிலாப்பூரில் எஸ்.சுப்பிரமணிய ஐயர் வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் முன்னணி வக்கீல்கள் கூடுவார்கள். மெட்ராஸ் லா ஜர்னல் தொடங்க முடிவானது அத்தகைய கூட்டம் ஒன்றில்தான். இதழ் 1891இல் வந்தது. சட்டக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டு. ஜர்னலின் ஆசிரியர்களில் ஒருவரான பி.எஸ்.சிவசாமி ஐயர் அந்தக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். காலையில் வாதாடியவர் மாலையில் தீர்ப்பைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினார். இரண்டும் ஒரே தொழில் என்று அந்தத் தலைமுறை நினைத்தது.

கல்வி விஷயத்தில் பிற்காலம் இவ்வளவு பெருமைப்படும்படி இல்லை. சீனியரின் சேம்பரில் ஓராண்டு பயிற்சி பெற்ற பிறகே பதிவு என்றிருந்த ஏற்பாடு 1973ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு போயிற்று. 1995இல் இந்திய பார் கவுன்சில் பயிற்சி விதிகளைக் கொண்டுவந்தபோது, அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு நடக்கிறது. 2023இல் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. எழுதித் தேறலாம். குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட வேண்டும் என்பதை அந்தத் தேர்வு கற்றுத் தராது. அதைச் சீனியர் பக்கத்தில் நின்று வருடக்கணக்கில் பார்த்தால்தான் வரும். அப்படி நிற்கிற ஜூனியருக்கு மாத வாடகைக்குப் பணம் வேண்டும்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தொட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் எனச் சுற்றறிக்கை அனுப்பும்படி மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. கொடுக்க வேண்டியவர்கள் அரசோ துறையோ அல்ல, சங்கங்களின் முன்வரிசையில் அமரும் சீனியர்கள். தீர்ப்பாய உறுப்பினரின் பதவிக்காலத்துக்காகப் பல ஆண்டுகள் டெல்லிக்கு நடந்த சங்கம், அந்தச் சுற்றறிக்கை தன் உறுப்பினர்களின் எத்தனை சேம்பர்களில் நடைமுறையில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடலாம். மனு போட வேண்டிய அவசியம்கூட இல்லை, பொதுக்குழுத் தீர்மானம் ஒன்று போதும்.